ஒரே தாயின் கோடானுகோடி மக்கள்!

ரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பல தாயணுக்களிடமிருந்து பிறப்பவை. நாட்பட்ட ரத்தப் புற்றுநோயிலோ கதையே வேறு!

பெண்களின் அணு ஒவ்வொன்றிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு. ஏதாவது ஒன்று தூங்கிவிடும். ஆகவே சில பெண்களின் உடம்பில் ஜி-6-பி-டி என்ற என்ஸைம் இரண்டு தினுசாகக் கலந்திருக்கும். அமெரிக்க டாக்டர் பிலிப் ஃபியால்கோவும் சகாக்களும் 1967-ல் அத்தகைய நோயாளிகளைச் சோதித்தார்கள். தோலில் இரண்டு தினுசும் இருந்தன. சிவப்பணுவில்? ஒன்றே ஒன்று! நோயுற்ற வெள்ளணுவிலும் அதே தினுசு. (சிவப்பணுவுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? அதுதான் வேடிக்கை!) அத்தனையும் என்றோ கெட்டுப்போன ஒரே தாயணுவின் சந்ததி!

அதன் அடையாளமான குட்டைக் குரோமோசோமை 1960-லேயே பிலடெல்பியாவில் நோவெலும் ஹங்கர்போர்டும் கண்டிருந்தார்கள். அதில் பிறக்கும் கெட்ட புரதத்தை அடக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முன்பு சில வருஷமே கெடு வைக்கப்பட்ட வியாதிக்காரர்களில் பலர், இன்று மாத்திரையை விழுங்கிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்புகிறார்கள்.