பயோடேட்டாவில் சாதிக்கு என்ன வேலை?

கல்லூரி முடித்த நம் பிள்ளைகளின் பயோடேட்டாக்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. மேலே ‘கேரியர் அப்ஜெக்டிவ்’, நடுவே மதிப்பெண் அட்டவணை, கீழே தந்தை பெயர், பிறந்த தேதி, திருமணமானவரா, மதம், கம்யூனிட்டி, நிரந்தர முகவரி. கடைசியில் ‘மேற்கண்டவை உண்மை’ என்ற உறுதிமொழியும் கையொப்பமும். பிரவுசிங் சென்டர் கணினியில் கிடக்கும் பழைய கோப்பில் பெயரையும் மதிப்பெண்ணையும் மாற்றி அச்சடித்துக் கொள்வதால் இந்தப் படிவம் கைமாறிக்கொண்டே இருக்கிறது. எழுத்துரு, ஓரம், பக்க அளவு பற்றியெல்லாம் ஆலோசனை சொல்லப் பலர் இருக்கிறார்கள். அதற்கெல்லாம் முன்பு, மதம், கம்யூனிட்டி என்ற அந்த இரண்டு வரிகளை அடிக்க வேண்டும்.

காரணம் கற்பனையான அச்சம் அல்ல. அமெரிக்காவின் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்குப் பெயரை மாற்றி மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பி ஆராய்ந்தவர்கள், 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். வெள்ளையர் பெயர் தாங்கியவற்றுக்குக் கறுப்பினத்தவர் பெயர் தாங்கியவற்றைவிட 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. இந்தியாவில் இதே முறையில் நடந்த ஆய்வு 2007-இல் வெளியானது. தனியார் வேலைகளுக்கு ஒத்த தகுதியோடு விண்ணப்பித்தும், உயர்சாதி இந்துப் பெயருக்கு இருந்த அழைப்பு வாய்ப்பில் தலித் பெயருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குமே இருந்தது. வெறும் பெயருக்கே இந்தக் கதி. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறக்கத் தீர்மானம் போட்ட மண் இது. பெயரின் வாலை நறுக்கிவிட்டு, பயோடேட்டாவின் காலடியில் அதே சாதியை நாமே எழுதிக் கொடுப்பதை எப்படி நியாயப்படுத்த முடியும்?

அரசு வேலைக்குக் கம்யூனிட்டி தேவையே என்பார்கள். தேவைதான், இடஒதுக்கீடு அதில்தான் நிற்கிறது. ஆனால் அதற்குத் தேர்வாணையப் படிவமும் சாதிச் சான்றிதழும் இருக்கின்றன. இடஒதுக்கீடு இல்லாத தனியார் நிறுவனத்தில் அதே தகவல் விண்ணப்பதாரருக்கு எந்த உரிமையையும் பெற்றுத் தராது. பாகுபாடு காட்ட நினைப்பவருக்கு மட்டுமே பயன்படும். பெயரும் ஊரும் எப்படியும் காட்டிக் கொடுத்துவிடுமே என்ற வாதத்திலும் உண்மை உண்டு. பிரான்ஸில் பெயரையே மறைத்துப் பார்த்த சோதனை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்றும் சொல்கிறார்கள். இருந்தாலும், தவிர்க்க முடியாத ஒரு தகவல் வெளியே தெரிவதும், கேட்காத ஒன்றை நாமே தலைப்புப் போட்டு ஒப்படைப்பதும் ஒன்றாகிவிடாது. திருமண விவரமும் அப்படித்தான். அந்த வரியைப் படித்ததும் மகப்பேறு விடுப்புக் கணக்குப் போடும் மேலாளர், ஆண் விண்ணப்பதாரருக்கு அந்தக் கணக்கைப் போடுவதில்லை.

அடித்த இடத்தில் செய்த வேலையை எழுதலாம். இங்கேதான் நம் பிள்ளைகள் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். ‘கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றுபவர்’ என்பதை யாரும் எழுதிவிடலாம். நால்வர் சேர்ந்து செய்த ப்ராஜெக்டில் சர்க்யூட்டை வடிவமைத்தது யார், ஓடாமல் நின்றபோது பிழையைக் கண்டுபிடித்தது யார் என்பது ஒருவருக்கே உரிய செய்தி. விடுமுறையில் ஜவுளிக் கடை பில்லிங்கில் உட்கார்ந்தது, அப்பாவின் மளிகைக் கடைக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதியது, இரண்டு அரியரை ஒரே செமஸ்டரில் முடித்தது எல்லாமே எழுதத்தக்கவை. பிறந்த தேதி, தந்தை பெயர், வீட்டு முகவரி ஆகியவற்றை வேலை உறுதியான பிறகு மனிதவளப் பிரிவு தரும் படிவத்தில் நிரப்பினால் போதும்.