சன்னிதி வாசலில் ஒரு பெண் குரல்: கே. பி. சுந்தராம்பாளின் நந்தனார்

ஓபரா என்று மேலை நாடுகளில் வழங்கும் இசை நாடகத்தில் கதை பாட்டாலேயே நடக்கிறது. பாடுவோர் ஒலிபெருக்கியின் துணையின்றி, பெரியதொரு வாத்தியக் குழுவின் முழக்கத்தையும் மீறி, அரங்கின் கடைசி வரிசை வரை தம் குரலைச் செலுத்தியாக வேண்டும். வேடங்களைக் குரலின் தன்மை பார்த்துப் பகிர்வது அங்கு மரபு. பெண் குரல்களில் உயர்ந்து ஒலிப்பதைச் சொப்ரானோ என்றும், தாழ்ந்து ஒலிப்பதைக் கான்ட்ரால்டோ என்றும், இரண்டுக்கும் நடுவே கனத்தோடு நிற்பதை மெஸ்ஸோ சொப்ரானோ என்றும் வகுத்திருக்கிறார்கள். காதல் நாயகியின் வேடம் பெரும்பாலும் சொப்ரானோவுக்கே போய்விட, கனத்த குரல் வாய்த்த பெண்களுக்குத் தாய், மூதாட்டி முதலிய வேடங்களோடு ஆண் வேடமும் கிடைத்தது.

அவ்வாறு பெண்கள் ஏற்ற ஆண் வேடங்களில் தலையாயது ஆர்ஃபியஸ். இறந்த மனைவியை மீட்பதற்காகப் பாதாள உலகின் வாயிலுக்குச் சென்று, வழிமறிக்கும் கொடுந்தேவதைகளைப் பாடியே இளக வைக்கும் கிரேக்கப் புராணப் பாடகன் அவன். 1762-ல் வியன்னாவில் அரங்கேறிய க்ளூக்கின் ஓபராவில் இந்த வேடம், குரல் உடையாதிருக்கச் சிறுவயதிலேயே அறுவை செய்யப்பட்ட ஆண் பாடகர் ஒருவருக்காக எழுதப்பட்டிருந்தது. 1859-ல் பாரிஸில் பெர்லியோஸ் அதைப் பாலின் வியார்தோ என்னும் மெஸ்ஸோ சொப்ரானோவுக்காகத் திருத்தி அமைத்தபின் அது பெண்களின் சொத்தாயிற்று. ஆங்கிலேயக் கான்ட்ரால்டோ கேத்லீன் ஃபெரியர், புற்றுநோயால் நைந்த எலும்பு மேடையிலேயே முறிந்தும் பாட்டை நிறுத்தாமல் நின்று முடித்தது இந்த வேடத்தில்தான். அது 1953-ல் நடந்தது, அவர் இறந்ததும் அதே ஆண்டில்.

தமிழில் இந்த வரிசையில் வைத்துப் போற்றத்தக்க ஒரு வேடமும் ஒரு குரலும் உண்டு. வேடம் நந்தனார், குரல் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளுடையது.

தீண்டாமையால் கோயிலுக்குள் நுழைய முடியாமல் நின்றவர் நந்தனார். பெரியபுராணம் திருநாளைப்போவார் என்று போற்றும் அந்த அடியாரின் வரலாற்றை, 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி நந்தனார் சரித்திரக் கீர்த்தனையாக விரித்தார். சேக்கிழார் சொல்லாத வேதியர் ஒருவரைப் பண்ணையாராகப் படைத்து, தில்லைக்குப் போக விடை கேட்கும் பண்ணையாளையும் விடை மறுக்கும் ஆண்டையையும் எதிரெதிரே நிறுத்தியதில், பக்திக் கதை முழு நாடகமாயிற்று. இறுதியில் வேதியரே நந்தனாரின் காலில் விழுகிறார். ஆர்ஃபியஸைப் போலவே நந்தனாரும் அடைத்த வாயிலின் முன் நின்று பாடுகிறார். ஆனால் கிரேக்கப் பாடகன் இழந்தவளைத் திரும்பக் கேட்கிறான். நந்தனாரோ, உள்ளே வரலாமா என்று மட்டுமே கேட்கிறார். மாஞ்சி ராகத்தில் பாடப்படும் ‘வருகலாமோ’ என்னும் கீர்த்தனையின் துயரம் அந்த எளிய வினாவிலிருந்து பிறப்பது.

1908-ல் காவிரிக்கரையில் பிறந்து, வறுமையில் வளர்ந்து, சிறுமியாகவே நாடகக் கம்பெனியில் சேர்ந்த சுந்தராம்பாள், இலங்கையில் நடிக்கச் சென்ற இடத்தில் நாடக நடிகர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவோடு மேடையிலும் வாழ்விலும் இணைந்தார். இருவரும் மேடையில் பாடிய பாட்டு தமிழகம் எங்கும் கூட்டத்தைக் கட்டி இழுத்தது. 1933 டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா 27 வயதில் மறைய, வெள்ளைப் புடவையும் திருநீறுமாய் ஒதுங்கிய அவர், இனி எந்த ஆணுக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். மீண்டும் மேடையேறியபோது அவர் தேர்ந்த வேடம் நந்தனார். நாயகியாக நிற்க விரும்பாத பெண்ணுக்கு ஆண் வேடம் ஒரு மறைவிடம் என்று இதைச் சுருக்கிவிடுவது அவருக்குச் செய்யும் அநீதி. இழப்பை முழுமையாக அறிந்த ஒருவர், அந்த இழப்பைவிடப் பெரிய ஏக்கத்தைத் தேடி ஏற்றுக்கொண்டார் என்பதே பொருந்தும்.

1935-ல் மாணிக்லால் டாண்டன் இயக்கத்தில் ‘பக்த நந்தனார்’ படமானபோது சுந்தராம்பாளே நந்தனாரானார். அதற்கு அவர் பெற்றதாகக் கூறப்படும் ஒரு லட்சம் ரூபாய் அந்நாளில் கேள்விப்படாத ஊதியம். வேதியராக நடித்தவர் கர்நாடக இசையின் பெரும் வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். படம் எதிர்பார்த்த வெற்றியை அடையவில்லை. ஆயினும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939-ல் தாழ்த்தப்பட்டோரின் ஆலயப் பிரவேசம் நிகழ்வதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, காங்கிரஸ் மேடைகளில் பாடிவந்த ஒரு பெண், நுழைவு மறுக்கப்பட்ட மனிதனாகத் திரையில் நின்று பாடினார் என்பது எந்த வசூல் கணக்கிலும் அடங்காத செய்தி.

சென்னைக்கு வடக்கே அனுப்பம்பட்டு, பொன்னேரி தொடங்கிப் பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர் ஊர்கள் வரையுள்ள வட்டாரத்து மக்களுக்கு, ஆணே சேலை கட்டித் திரௌபதியாக ஆடும் தெருக்கூத்து புதிதன்று. பால் மாறிய வேடத்தை நம்புவதற்கு அந்த மரபு கண்ணைப் பழக்கியிருக்கிறது. சுந்தராம்பாளின் நந்தனார் அந்த மரபின் மறுபக்கம். பின்னர் 1941-ல் எம். எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக வந்தார் என்றாலும், அங்கே வேடம் இனிமைக்கு ஓர் அணியாக நின்றது. சுந்தராம்பாளிடம் குரலே வேடமாகியது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் பழகிய அவரது தொண்டை, நெஞ்சின் ஆழத்திலிருந்து எழுந்த கணீரென்ற நாதத்தைக் கொண்டது. மேல் ஸ்தாயியில் சென்றாலும் மெலியாதது. எந்த விரைவிலும் ஒரு சொல்லைக்கூடச் சிதைக்காதது. கமகத்தின் நெளிவுகளைக் காட்டிலும் சொல்லின் பொருளே அவர் பாட்டை நடத்திச் செல்வதால், கெஞ்சும் இடத்திலும் அவர் குரல் குனிவதில்லை. நந்தனாரின் பெருமையும் அதுதான்: அவர் இரக்கிறார், ஆனால் தாழ்ந்துபோவதில்லை.

அந்தக் காலத்துத் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றின் பிரதிகள் அழிந்துவிட்டன. ஆகவே சுந்தராம்பாளின் ஆற்றலை அறிய விரும்பும் இன்றைய வாசகர், ஜெமினி நிறுவனம் 1953-ல் வெளியிட்ட ‘ஔவையார்’ படத்திலிருந்து தொடங்கலாம். காதலும் இளமையும் துறந்த மூதாட்டியாக, துணைக்கு ஒரு நாயகன் இல்லாமல், அரசர்களை நிற்கவைத்துப் பாடும் அந்த வேடத்தில், மேடையில் நந்தனாராய் நின்றபோது அவர் பழகிய நிமிர்வு அப்படியே தெரிகிறது. 1965-ல் ‘திருவிளையாடல்’ படத்தில் மீண்டும் ஔவையாராக வந்து முருகனை அழைக்கும்போது அவர் வயது 57-ஐ ஒட்டியிருந்தும், குரலின் கனம் சிறிதும் குறையவில்லை.