தாழ்ப்பாளைக் கற்றுக்கொள்ளும் நாய்க்குட்டி

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் காலை எட்டு மணிக்குள் ஆளில்லாமல் போகும் வீடுகள் ஏராளம். வெங்காயக் காட்டில் களையெடுக்க, பருத்தி எடுக்க, முந்திரிக்கொட்டை பொறுக்க, சிமெண்ட் ஆலை ஷிப்டுக்கு என்று பெரியவர்கள் கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். வீட்டில் மிஞ்சுவது புதிதாக எடுத்துவந்த நாய்க்குட்டி மட்டும்தான். பஞ்சாரத்தைப் போட்டுக் கவிழ்த்தால் மூக்கால் நெம்பிக்கொண்டு வெளியே வருகிறது. கேட்டைச் சாத்திவிட்டுப் போனால் அடியில் மண்ணைப் பறிக்கிறது. கடைசியில் கழுத்துக்குச் சங்கிலி வந்துவிடுகிறது. அந்தச் சங்கிலி தேவையே இல்லை. குட்டியின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் போதும்.

1898-இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க ஆய்வாளர், மரச்சட்டம் அடித்த பெட்டிகளுக்குள் பூனைகளையும் நாய்களையும் அடைத்துவைத்தார். கயிற்றை இழுத்தால் அல்லது கொண்டியைத் தட்டினால் கதவு திறக்கும். வெளியே தீனி இருக்கும். முதல் தடவை அவை கண்டபடி பிராண்டி, கடித்து, தற்செயலாகத்தான் திறந்தன. அடுத்தடுத்த தடவைகளில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் உள்ளே விட்டதும் நேராகக் கொண்டிக்கே போயின. பலன் கொடுத்த செயல் நிலைத்துவிடுகிறது என்பதுதான் அவர் கண்ட விதி.

நம் வீட்டு முற்றத்திலும் இதுவே நடக்கிறது. முதல் நாள் ஒரு பலகையைச் சாத்தி வைக்கிறோம், குட்டி தள்ளிவிடுகிறது. மறுநாள் செங்கல்லை முட்டுக்கொடுக்கிறோம், அதையும் தள்ளப் பழகுகிறது. அதற்கு மறுநாள் கோழி வலை, கடித்துப் பிய்த்துவிடுகிறது. நாம் தடுப்பைப் பலப்படுத்துவதாக நினைக்கிறோம். உண்மையில், விடாமல் முயன்றால் எதுவும் திறக்கும் என்று குட்டிக்குப் படிப்படியாகப் பாடம் எடுத்திருக்கிறோம். அதனால் முதல் தடுப்பே தாங்குகிற தடுப்பாக இருக்கட்டும். ஒருமுறைகூடத் தப்பிக்காத இடத்தை உடைக்கக் குட்டி அதிக நாள் மெனக்கெடாது.

தாங்குகிற தடுப்புக்குப் பெரிய செலவு ஆகாது. பூசிய சுவர் நாலரை அடி இருந்தால் குட்டிக்குப் போதும். சிப்பிப்பாறை, ராஜபாளையம் மாதிரித் தாவுகிற இனமென்றால் வளர வளர இன்னும் உயரம் வேண்டும். டைமண்ட் வலையில் கால்வைத்து ஏறும். படுக்கைவாட்டுக் கம்பி ஏணியாகவே ஆகிவிடும். நெட்டுக்குத்துக் கம்பியே நல்லது, தலை நுழையாத இடைவெளியில். சுவரோரம் உரல், மூட்டை, கவிழ்த்த அண்டா எதுவும் இருக்கக் கூடாது. கேட்டுக்கு அடியில் மண்தரை என்றால் ஒரு வரிசை கடப்பா கல்லைப் புதைத்துவிடுங்கள். கொண்டி வெளிப்பக்கம், குட்டியின் மூக்குக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். உள்ளே விடும்போது கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள்; கம்பியில் மாட்டித் தொங்கினால் காப்பாற்ற ஆள் இருக்காது.

வெளியே ஓடினால் லாரி அடிக்குமே என்ற பயம் நியாயமானது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடும் அரியலூர்ச் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஆபத்தைப் பலரும் கவனிப்பதில்லை. இந்த மண்ணின் விளைச்சலிலேயே அது இருக்கிறது. பட்டறை போட்டுவைத்த சின்ன வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உடல் எடையில் இருநூறில் ஒரு பங்குக்கு மேல் தின்றாலே பாதிப்பு தெரியும் என்பது கால்நடை மருத்துவக் கணக்கு. நாலு கிலோ குட்டிக்கு அது வெறும் 20 கிராம். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மிச்சமான சாம்பார் சோறும் இதில் சேர்த்தி. சோர்வும் வெளிறிய ஈறும் சில நாள் கழித்துத்தான் தெரியும் என்பதால் காரணம் பிடிபடாமலே குட்டி போய்விடும். மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும், அறுவை சிகிச்சை வரை போகும். பருத்திக்கொட்டையில் உள்ள காசிபால் இதயத்தைக் கெடுக்கும். மூலையில் வைத்த எலி மருந்து, குருணை மருந்து பற்றிச் சொல்லவே வேண்டாம். மூன்றிலிருந்து ஆறேழு மாதம் வரை குட்டிக்குப் பால்பல் விழுந்து பல் முளைக்கிற காலம். கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கும். ஆகவே குட்டிக்கான இடம் களஞ்சியமும் பட்டறையும் இல்லாத இடமாக இருக்க வேண்டும்.

வெயிலும் கவனிக்க வேண்டிய விஷயம். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்கடியில் அடைத்தால் அடுப்பில் வைத்ததற்குச் சமம். காலையில் நிழலாக இருக்கும் இடம் மதியம் இரண்டு மணிக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு விடுமுறை நாளில் பார்த்துவிடுங்கள். தண்ணீரைக் கல்தொட்டியில் வையுங்கள், உருட்டிவிட முடியாது.

சங்கிலி பற்றிச் சட்டமும் பேசுகிறது. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, அசையப் போதிய இடமில்லாத கூண்டில் அடைப்பதையும், நியாயமற்ற நேரத்துக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் கட்டிவைப்பதையும், வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாயை உலவவிடாமல் இருப்பதையும் குற்றம் என்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரைதான். தொகை அற்பமானதுதான், ஆனால் நாள் முழுக்கக் கட்டிக்கிடந்த நாய் ஆளைக் கண்டால் பாய்கிறதே, அதற்கான விலையை வீதியில் விளையாடும் குழந்தைகள் கொடுக்கிறார்கள்.

அடைக்கும் இடத்தை முதலில் குட்டிக்குப் பிடித்த இடமாக ஆக்க வேண்டும். அவசரப்பட்டால் இது கெடும். நீங்கள் வீட்டில் இருக்கும்போதே சோற்றை அங்கே வையுங்கள். அது தின்னும்போது கதவை ஒரு நிமிடம் சாத்தித் திறங்கள். பிறகு ஐந்து நிமிடம், பிறகு அரை மணி, பிறகு தெருமுனை வரை போய்வாருங்கள். சிணுங்கும்போது திறந்தால் சிணுங்கினால் திறக்கும் என்று கற்றுக்கொள்ளும். சற்று ஓய்ந்ததும் திறங்கள். ஆனால் எச்சில் ஒழுக, நகம் பிய்யும்படி கதவைப் பிராண்டினால் அது அடமல்ல, பயம். அப்போது விட்டுவிட்டுப் போகாதீர்கள். பழைய, குறைந்த நேரத்துக்குத் திரும்பி வாருங்கள். கெட்டி ரப்பர் பொம்மைக்குள் தயிர்ச்சோற்றை அடைத்து, ஃப்ரிட்ஜில் உறையவைத்துக் கொடுத்தால் அதன் மூளைக்கும் ஊறும் ஈறுக்கும் சேர்த்து வேலை கிடைக்கும். கிளம்புமுன் கால்மணி நேரம் ஓடவிட்டால் பெரும்பகுதி நேரம் தூங்கிவிடும். குட்டிகள் ஒரு நாளில் 18 மணி நேரம்கூடத் தூங்குபவை.

இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை அதைத் தனியே விடுவது எந்தத் தடுப்பாலும் சரியாகாத காரியம். பக்கத்து வீட்டு அப்பாயியிடம் மதியம் ஒருமுறை திறந்துவிடச் சொல்லுங்கள். அதற்கும் ஆளில்லாத வீடென்றால், வளர்ந்த நாயாகப் பார்த்து எடுப்பதே நல்லது.

தடுப்பூசி முடியும் வரை வெளியே போகாமல் இருப்பது குட்டியின் உயிருக்கும் நல்லது. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் தங்கும். அதற்கான ஊசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, நாலு மாதம் வரை இடைவெளி விட்டுப் போட வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி மூன்றாம் மாதத்தில். செப்டம்பர் 28, உலக வெறிநோய் நாளையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒருநாள் தப்பித்துவிட்டால், திரும்பி வந்ததும் அடிக்காதீர்கள். ஓடியதற்கு அடி என்று அதற்குப் புரியாது. உங்களிடம் வந்ததற்கு அடி என்றுதான் புரியும், அடுத்த தடவை கூப்பிட்டால் வராது. அமைதியாக உள்ளே விட்டுவிட்டு, எந்த வழியாகப் போனது என்று தேடி அன்று மாலைக்குள் அடைத்துவிடுங்கள்.