பானை ஓட்டில் ஒரு பெண், ஒரு கொக்கு, ஒரு மான்

தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, இறந்தவர்களைப் பெரிய தாழிகளில் வைத்துப் புதைத்த இடம் அது. 2004-இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது, நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. கூடவே ஒரு பானை ஓடும் கிடைத்தது.

அந்த ஓட்டில் என்ன தெரிகிறது? உயரமான, ஒல்லியான ஒரு பெண். பக்கத்தில் நெல் போன்ற பயிர். அதன்மேல் ஒரு கொக்கு. நேரான கொம்புள்ள ஒரு மான். முதலை போன்ற ஓர் உயிர். எதுவும் வண்ணம் தீட்டியதல்ல, கீறியதும் அல்ல. எல்லாமே களிமண்ணை உருட்டி, பானையின்மேல் ஒட்டிய உருவங்கள்!

இவற்றை எப்போது ஒட்டியிருப்பார்கள்? களிமண்ணே பதில் சொல்கிறது. ஈர மண் காயும்போது அதிலுள்ள நீர் வெளியேறும், துகள்கள் நெருங்கும், மண் சுருங்கும். காய்ந்த பானை ஏற்கெனவே சுருங்கி முடித்திருக்கும். அதன்மேல் ஈர மண்ணை ஒட்டினால், ஒட்டிய மண் மட்டும் சுருங்கி, விரிசல் விட்டு உதிர்ந்துவிடும். இந்த உருவங்களோ இன்றுவரை உதிரவில்லை. அப்படியென்றால், பானை ஈரமாக இருந்தபோதே ஒட்டியிருக்கிறார்கள். பானை வனையும்போதே படமும் திட்டத்தில் இருந்திருக்கிறது.

சரி, படத்தின் பொருள் என்ன? இதே ஊரில் கிடைத்த சிறிய வெண்கலப் பெண் உருவத்தைத் தாய்த் தெய்வம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஓட்டில் உள்ள பெண்ணும் தெய்வமாக இருக்கலாம். நடனமாடுபவள் என்போரும் உண்டு. பயிரும் கொக்கும் முதலையும் ஆற்றங்கரைக்கு உரியவை. ஆகவே படம் விளைச்சலையும் வளத்தையும் குறிக்கலாம். 1899 முதல் 1905 வரை இங்கே தோண்டிய அலெக்சாண்டர் ரியா, புதைத்த பானைகளில் நெல் உமியைக் கண்டார். ஓட்டில் உள்ள பயிர் நெல்தான் என்ற ஊகத்துக்கு அது ஒரு துணை.

கொக்கு இருப்பது கண்ணால் கண்டது. வளம் என்பது ஊகம். இரண்டையும் தனித்தனியாக எழுதி வைப்பதுதான் ஆய்வாளர் பழக்கம்.

செய்து பாருங்கள்: களிமண்ணில் இரண்டு தட்டை வில்லைகள் செய்யுங்கள். ஒன்றில் உடனே ஒரு கொக்கு உருவத்தை ஒட்டுங்கள். ஒட்டும் இடத்தைக் கீறி, குழைத்த சேறு தடவ மறக்காதீர்கள். மற்றதை நன்றாகக் காயவிட்டு, பிறகு ஈர மண்ணால் இன்னொரு கொக்கை ஒட்டுங்கள். இரண்டையும் நிழலில் வைத்து, எந்தக் கொக்கு முதலில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.