நோயாளர் குறிப்பேடும் நமது கடமையும்

நெடுநாள் தொல்லை தரும் அரிப்பு, மூட்டுவலி, தும்மல் முதலியவற்றிற்காக நம் தோட்டப்புற மக்களுள் சிலர் பட்டணத்து ஹோமியோபதி கிளினிக்கை நாடுவதுண்டு. முதன்முறை செல்வோர், அங்கே மருந்தைவிடக் கேள்விகளே மிகுதி என்று வியப்பர். தலைவலிக்கு மருந்து கேட்டால் தூக்கத்தையும் தாகத்தையும் ஏன் விசாரிக்கிறார் என்று சலிப்போரும் உளர். அவ்விடைகள் யாவும் நோயாளர் குறிப்பேட்டில் ஏறுகின்றன.

இம்முறையை வகுத்தவர் ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன். நோயாளி சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுத வேண்டும், ஒவ்வொரு குறியையும் புதிய வரியில் தொடங்க வேண்டும் என்று 1810-இல் வெளிவந்த தம் நூலில் அவர் விதித்தார். அவர் எழுதிய நோயாளர் ஏடுகள் இன்றும் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பாதுகாக்கப்படுகின்றன.

குறிப்பேட்டில் முதலில் இடம்பெறுவது பெயர். ஒரே லயத்தில் இரண்டு முனியாண்டிகள் இருக்கக்கூடும். ஆகவே வீட்டில் அழைக்கும் பெயரை விடுத்து, அடையாளக் கார்டிலுள்ள பெயரையும் எண்ணையும் கொடுத்தல் வேண்டும். அடுத்து வயது, தொழில், நோய் தொடங்கிய காலம், அது மிகும் வேளை, குறையும் வேளை, முன்பு கண்ட நோய்கள், ஒவ்வாத மருந்துகள் ஆகியவை எழுதப்படும். பின்னர் ஒவ்வொரு வருகையின் தேதியும், கொடுத்த மருந்தும், கண்ட மாற்றமும் சேரும்.

தொழிலைச் சொல்வது மிக முக்கியம். கையில் அரிப்பு என்று செல்பவர், ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலத்தைக் கையாள்பவராக இருக்கலாம். ஓய்வு நாள்களில் அரிப்பு தணிந்து, வேலைக்குத் திரும்பியதும் மிகுகிறதா என்பது இரண்டு மூன்று வருகைகளின் குறிப்புகளை ஒப்பிட்டால் புலப்படும். அவ்வாறாயின் முதலில் வேண்டுவது கையுறையே. காய்ச்சலோடு செல்பவர் சேற்றிலும் கால்வாயிலும் வேலை செய்தவரானால், அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அவர் தாமதியாமல் அரசாங்க மருத்துவமனைக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

மற்றொன்றையும் நாம் மறைத்தல் ஆகாது. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு ஆகியவற்றிற்கு அரசாங்கக் கிளினிக்கில் மருந்து உண்போர், ஹோமியோபதி மருத்துவரிடம் அதனைக் கூறத் தயங்குகின்றனர். சிலர் அம்மருந்துகளையே நிறுத்திவிடுகின்றனர். இது உயிருக்கே ஆபத்து. எந்த நோய்க்கும் ஹோமியோபதி பயனளிக்கிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று ஆஸ்திரேலியாவின் தேசியச் சுகாதார மருத்துவ ஆய்வு மன்றம் 2015-இல் முடிவு கூறியுள்ளது. காசநோய்க்குரிய மருந்தைக் குறைந்தது 6 மாதங்களேனும் இடைவிடாது உண்ண வேண்டும். இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனை அவசியம்.

மலேசியாவில் 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் ஹோமியோபதியையும் உள்ளடக்கியது. ஆதலால் மருத்துவரின் பதிவைக் கேட்டறிவதில் கூச்சம் வேண்டியதில்லை. மருந்தின் பெயரையும் எழுதித் தரக் கேளுங்கள். நம் பங்கிற்கு, உண்ணும் மருந்துகளின் உறைகளையும், சிகிச்சை அட்டையையும், தாய்மார்கள் கர்ப்பகாலப் பதிவேட்டையும், பிள்ளைகளின் சுகாதாரப் பதிவேட்டையும் எந்த மருத்துவரிடம் சென்றாலும் உடன் கொண்டு செல்வோம். மழையில் நனையாதபடி அவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையிலிட்டு வீட்டில் ஓரிடத்தில் வைப்போம். நாம் மறப்பதை ஏடு மறவாது. ஆயினும் நாம் சொல்லாததை எந்த ஏடும் அறியாது.