வேகமாகப் படித்தால் மட்டும் போதுமா? நினைவாற்றல் குறித்து அந்தமான் சிறை வரலாறும் ஆய்வுகளும் கூறுவது என்ன?

ஸ்ரீ விஜயபுரம்: சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி கண்ணாடியிழைக் கம்பிவடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை செயற்கைக்கோள் இணைப்பையே பெரிதும் நம்பியிருந்த தீவு மாணவர்களின் கைப்பேசிக்குப் பாடக் காணொளிகளும், மாதிரித் தேர்வுகளும், மின்னூல்களும் தடையின்றி வரத் தொடங்கின. அவற்றுடன், நிமிடத்திற்கு 1,000 சொற்களைப் படிக்கலாம், ஒருமுறை படித்தால் மறக்காது என்று உறுதியளிக்கும் செயலிகளும் பயிற்சிகளும் வந்து சேர்ந்தன.

மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வில் 180 நிமிடங்களில் 180 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். ஒரு வினாவைப் படித்து, புரிந்துகொண்டு, விடையைத் தேர்ந்தெடுக்கச் சராசரியாக ஒரு நிமிடமே கிடைக்கிறது. இத்தகைய சூழலில் வாசிப்பு வேகத்தையும் நினைவாற்றலையும் பெருக்கிக்கொள்ள மாணவர்கள் விரும்புவது இயல்பே. ஆனால், அதற்கான வழி எது என்பதில்தான் விளம்பரங்களும் ஆய்வுகளும் வேறுபடுகின்றன.

கண் எவ்வாறு படிக்கிறது?

படிக்கும்போது கண் ஒரு வரியின் மீது சீராக ஓடுவதில்லை. ஓரிடத்தில் நின்று, பின் சட்டெனத் தாவி, அடுத்த இடத்தில் நிற்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் பெரும்பாலும் 200 முதல் 250 மில்லி விநாடிகள் வரை நீடிக்கிறது. எழுத்துகள் தெளிவாகத் தெரிவது விழித்திரையின் மையத்திலுள்ள மிகச் சிறிய பகுதியில் மட்டுமே. ஆகவே ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பார்வையில் படிப்பது என்பது கண்ணின் அமைப்புக்கே பொருந்தாதது.

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக உளவியலாளர் மார்க் பிரிஸ்பர்ட், 190 ஆய்வுகளின் தரவுகளைத் தொகுத்து 2019-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார். அதன்படி, ஆங்கிலம் அறிந்த வயதுவந்தோர் கட்டுரை வகை நூல்களை மௌனமாகப் படிக்கும் வேகம் சராசரியாக நிமிடத்திற்கு 238 சொற்கள். வாய்விட்டுப் படிக்கும்போது அது 183 சொற்களாகக் குறைகிறது.

இந்த எண்களைத் தமிழுக்கு அப்படியே பொருத்த இயலாது. 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்' என்பது தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் அதே பொருளைத் தர ஐந்தாறு சொற்கள் தேவைப்படும். எனவே தமிழில் நிமிடத்திற்கு எண்ணப்படும் சொற்கள் குறைவாக இருப்பதாலேயே வாசிப்பு மெதுவானது என்று ஒரு மாணவர் கருதிவிடக் கூடாது.

வேக வாசிப்பின் எல்லை

அமெரிக்காவில் 1950-களின் இறுதியில் எவலின் வுட் என்ற ஆசிரியை வேக வாசிப்புப் பயிற்சியை வணிக அளவில் பரப்பினார். பக்கத்தின் மீது விரலை வேகமாக ஓட்டுவது, மனத்துக்குள் ஒலிக்கும் குரலை அடக்குவது போன்றவை அன்று முதல் இவ்வகைப் பயிற்சிகளில் இடம்பெற்று வருகின்றன. இன்றைய சில செயலிகள், திரையின் ஒரே இடத்தில் சொற்களை ஒவ்வொன்றாக ஒளிரச் செய்து, கண் அசைவையே தேவையற்றதாக்க முயல்கின்றன.

கண் அசைவு ஆராய்ச்சியில் முன்னோடியான கீத் ரேனரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இக்கூற்றுகளை விரிவாக ஆராய்ந்து 2016-இல் அறிக்கை வெளியிட்டனர். வேகம் கூடும்போது புரிதல் குறைகிறது என்பதே அதன் மையக் கருத்து. வழக்கமான வேகத்தைவிட இருமடங்கு, மும்மடங்கு வேகத்தில் படித்துக்கொண்டே முழுப் புரிதலையும் தக்கவைக்க இயலாது என்று அவர்கள் குறிப்பிட்டனர்.

படித்து முடித்த சொல்லுக்குக் கண் திரும்பிச் செல்வதையும் வேக வாசிப்புப் பயிற்சிகள் ஒரு குறையாகக் கருதுகின்றன. ஆனால் 2014-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் நடந்த ஆய்வில், வாசகர் திரும்பிப் பார்க்க இயலாதவாறு கடந்த சொற்களை மறைத்தபோது புரிதல் குறைந்தது. திரும்பிப் பார்ப்பது, தவறாகப் புரிந்துகொண்டதைத் திருத்திக்கொள்ளும் வழி என்பது இதன்மூலம் தெரியவந்தது.

மேலோட்டமாகப் பார்ப்பதற்கும் பயன் உண்டு. தலைப்புகள், முதல் பத்திகள், வரைபடங்கள் ஆகியவற்றை முதலில் நோட்டமிட்டு, எதை நிதானமாகப் படிக்க வேண்டும் என்று முடிவுசெய்வது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அது தேர்ந்தெடுக்கும் வேலை. பாடத்தைப் படித்ததாக அதைக் கணக்கில் கொள்ள இயலாது.

மறதியின் கணக்கு

வேகமாகவோ மெதுவாகவோ படித்தது மனத்தில் எவ்வளவு காலம் நிற்கும்? ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்காஸ் தம்மையே ஆய்வுப் பொருளாக்கி இக்கேள்விக்கு விடை தேடினார். பொருளற்ற அசைகளின் பட்டியல்களை மனப்பாடம் செய்து, இடைவெளி விட்டு மீண்டும் மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். முடிவுகள் 1885-இல் நூலாக வெளிவந்தன.

இருபது நிமிடங்களுக்குப் பின் மிச்சமானது சுமார் 58 சதவீதம். ஒரு நாளுக்குப் பின் அது சுமார் 34 சதவீதமாகச் சரிந்தது. 31 நாட்களுக்குப் பின்னும் சுமார் 21 சதவீதம் எஞ்சியிருந்தது. அதாவது, இழப்பின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நிகழ்கிறது. அதன் பிறகு மறதியின் வேகம் தணிகிறது. பொருளுள்ள பாடங்கள் இதைவிட நன்றாக நினைவில் நிற்கும் என்றாலும், முதலில் செங்குத்தாகவும் பின்னர் மெதுவாகவும் சரியும் இப்போக்கு பல ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது.

இந்தச் சரிவைத் தடுக்க மாணவர்கள் வழக்கமாகச் செய்வது, பாடத்தை மீண்டும் மீண்டும் படிப்பது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் ஆகியோர் 2006-இல் இம்முறையைச் சோதித்தனர். ஒரு குழுவினர் ஒரு பகுதியை நான்கு அமர்வுகளிலும் திரும்பத் திரும்பப் படித்தனர். சராசரியாக 14 முறைக்கும் மேல். மற்றொரு குழுவினர் முதல் அமர்வில் மட்டும் மூன்று முறைக்குச் சற்று அதிகமாகப் படித்தனர். எஞ்சிய மூன்று அமர்வுகளில் தாளைப் பாராமல் நினைவில் இருந்ததை எழுதினர்.

ஐந்து நிமிடங்களுக்குப் பின் நடந்த சோதனையில் திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினர்: அவர்கள் 83 சதவீதம், மற்றவர்கள் 71 சதவீதம். ஒரு வாரத்திற்குப் பின் நிலை தலைகீழானது. திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 40 சதவீதத்தையும், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதத்தையும் நினைவுகூர்ந்தனர். தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கை தெரிவித்தவர்கள் முதல் குழுவினர் என்பது குறிப்பிடத்தக்கது. பழகிய பக்கத்தைப் பார்த்தவுடன் தோன்றும் 'தெரிந்ததுதானே' என்ற உணர்வை, தேர்வறையில் உதவும் நினைவு என்று மாணவர்கள் கருதிவிடுகின்றனர்.

காகிதம் இல்லாத சிறை

தாளைப் பாராமல் நினைவுகூரும் இம்முறைக்கு அந்தமானின் வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஸ்ரீ விஜயபுரம் என்று 2024 செப்டம்பரில் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், ஆங்கிலேய அரசு 1896 முதல் 1906 வரை செல்லுலார் சிறையைக் கட்டியது. ஏழு சிறகுகள், மூன்று அடுக்குகள், ஒவ்வொரு கைதிக்கும் தனி அறை என்பது அதன் அமைப்பு. ஏறத்தாழ நான்கரை மீட்டர் நீளமும் 2.7 மீட்டர் அகலமும் கொண்ட அறையில், மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு காற்றுத் துளை மட்டுமே இருந்தது.

1911 முதல் 1921 வரை அங்கு அடைக்கப்பட்டிருந்த விநாயக் தாமோதர் சாவர்க்கர், தாளும் எழுதுகோலும் மறுக்கப்பட்ட நிலையில் மராத்திக் கவிதைகளை மனத்திலேயே இயற்றினார். முள்ளாலும் ஆணியாலும் சுவரில் கீறி, மனப்பாடமான பின் அழிந்துபோக விட்டதாகத் தம் சிறை நினைவுக்குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். சுவருக்கு வெள்ளையடிக்கப்பட்டதும் எழுத்துகள் மறைந்தன. அதன் பிறகு கவிதையைக் காக்க ஒரே வழி, பார்க்காமல் மீண்டும் மீண்டும் சொல்லிப் பார்ப்பதுதான்.

சிறையில் கல்வி மற்றொரு வடிவம் பெற்றது 1933-இல். உணவு, விளக்கு, நூல்கள், செய்தித்தாள்கள், ஒருவரோடொருவர் பழகும் உரிமை உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக அவ்வாண்டு மே 12 அன்று அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் தொடங்கினர். வலுக்கட்டாயமாக உணவூட்ட முயன்றதைத் தொடர்ந்து மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவர் உயிரிழந்தனர். ஜூன் 26 அன்று போராட்டம் முடிவுக்கு வந்தது. அதன் பின்னர் விளக்கும் நூல்களும் கிடைத்தன.

கைதிகள் குழுக்களாகச் சேர்ந்து வரலாறு, பொருளாதாரம், அரசியல், தத்துவம் ஆகியவற்றைப் படிக்கத் தொடங்கினர். அறிந்தவர் அறியாதவருக்குப் பாடம் நடத்தினார். படித்ததை அனைவரும் விவாதித்தனர். ஒருவர் தாம் படித்ததைப் பிறருக்கு விளக்கும்போது அதை நினைவிலிருந்தே எடுத்து, வரிசைப்படுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. எங்கே புரியவில்லை என்பதும் அப்போதே வெளிப்பட்டுவிடுகிறது. சோதனைக்கூடங்கள் பிற்காலத்தில் அளந்து காட்டிய பயனை, நூலுக்காக உயிரையே கொடுக்க வேண்டியிருந்த அந்தச் சிறைவாசிகள் நடைமுறையில் பெற்றிருந்தனர்.

கவனகக் கலை தரும் பாடம்

தமிழ் மரபில் நினைவாற்றலின் உச்சமாகக் கருதப்படுவது கவனகம் எனப்படும் அவதானக் கலை. ஒரே நேரத்தில் பலர் கேட்கும் வினாக்களையும் நிகழ்வுகளையும் மனத்தில் கொண்டு, இறுதியில் அனைத்தையும் வரிசையாகக் கூறுவது இக்கலை. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா அரங்கில் நூறு பொருள்களில் கவனகம் நிகழ்த்திப் புகழ்பெற்றார்.

இத்திறன் நெடுநாள் பயிற்சியின் விளைவு. புதிய செய்திகளை ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தும் அளவு மனிதர்களுக்கு மிகக் குறைவு. அதை ஏறத்தாழ ஏழு கூறுகள் என 1956-இல் ஜார்ஜ் மில்லரும், சுமார் நான்கு என 2001-இல் நெல்சன் கோவனும் மதிப்பிட்டனர். புதியதை முன்பே அறிந்தவற்றுடன் இணைத்துக் கொத்துக் கொத்தாக அமைப்பதன் மூலமே பயிற்சி பெற்றோர் இந்த எல்லையைக் கடக்கின்றனர். ஆகவே ஒரு துறையில் அறிவு பெருகும்போது அத்துறையில் நினைவாற்றலும் பெருகுகிறது.

மொழி மாறும்போது குறையும் வேகம்

வாசிப்பு வேகத்திற்கும் இதே விதி பொருந்தும். சொல்வளமும் மொழித்திறனும் உடையவரே விரைந்து படிக்கின்றனர் என்று 2016-ஆம் ஆண்டு அறிக்கையும் வலியுறுத்துகிறது. அந்தமானில் இது நேரடியாகத் தொடர்புடைய செய்தி. தமிழ், வங்காளம், தெலுங்கு, இந்தி பேசும் குடும்பங்கள் அருகருகே வாழும் இத்தீவுகளில், வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் இந்தி, உயர் வகுப்புப் பாடநூலில் ஆங்கிலம் என்ற நிலையில் பல மாணவர்கள் கற்கின்றனர். இரண்டாம் மொழியில் படிக்கும்போது வேகம் குறைவது இயல்பு. அறிவுக்குறையாக அதைக் கருத வேண்டியதில்லை. பாடத்தைத் தாய்மொழியில் முதலில் புரிந்துகொண்டு, அப்பாடத்தின் கலைச்சொற்களை முன்னதாகவே கற்றுக்கொண்டால், அதே ஆங்கிலப் பக்கத்தை விரைவாகக் கடக்க முடியும். நீட் வினாத்தாள் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் வழங்கப்படுகிறது என்பதும் இம்மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டியது.

தொடக்கக் கல்வியிலேயே இதற்கான அடித்தளம் இடப்படுகிறது. 2021 ஜூலை 5 அன்று மத்திய அரசு தொடங்கிய நிபுன் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பு மாணவர் நிமிடத்திற்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருள் உணர்ந்து படிக்க வேண்டும் என்று இலக்கு நிர்ணயித்துள்ளது. எழுத்துக்கூட்டுவதிலேயே கவனம் செலவாகும் குழந்தைக்குப் பொருளை உணர மனத்தில் இடமிருக்காது என்பதே இதன் அடிப்படை.

மாணவர்கள் செய்யக்கூடியவை

கென்ட் மாகாணப் பல்கலைக்கழகத்தின் ஜான் டன்லோஸ்கி தலைமையிலான குழு 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை மதிப்பிட்டது. தன்னைத் தானே சோதித்தல், இடைவெளி விட்டுப் படித்தல் ஆகிய இரண்டுமே அதிகப் பயன் தருபவையாகக் கண்டறியப்பட்டன. அடிக்கோடிடுதலும் மீண்டும் படித்தலும் குறைந்த பயன் தருபவை என வகைப்படுத்தப்பட்டன.

* ஒரு பகுதியைப் படித்தவுடன் நூலை மூடிவிட்டு, நினைவில் உள்ளதை வெற்றுத்தாளில் எழுத வேண்டும். பின்னர் நூலைத் திறந்து விடுபட்டதைச் சரிபார்க்க வேண்டும்.

* அதே பகுதியை மறுநாள், ஒரு வாரம், மூன்று வாரம் என விரியும் இடைவெளிகளில் இவ்வாறே நினைவுகூரலாம். தேர்வு எவ்வளவு தொலைவில் உள்ளதோ அதற்கேற்ப இடைவெளியும் நீளலாம்.

* அட்டையின் ஒருபுறம் வினாவும் மறுபுறம் விடையும் எழுதிப் பெட்டிகளில் பிரிக்கலாம். விடை தெரிந்த அட்டை அடுத்த பெட்டிக்கு நகரும். தெரியாதது முதல் பெட்டிக்கே திரும்பும். ஜெர்மானியரான செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் பரப்பிய இம்முறைக்குக் கைப்பேசியோ இணையமோ தேவையில்லை.

* வாசிப்பு வேகத்தை அளக்க விரும்புவோர், ஐந்து நிமிடம் படித்த பின் சொற்களை எண்ணுவதுடன், படித்ததன் சாரத்தையும் எழுதிப் பார்க்க வேண்டும். சாரம் எழுத வராத வேகத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

* தூக்கத்தைக் குறைக்கக் கூடாது. கற்றபின் விழித்திருப்பதைவிட உறங்கினால் மறதி குறைவு என்பது 1924-லேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் ஆகியோரின் ஆய்வில் காட்டப்பட்டது.

இம்முறைகளில் தொடக்கத்தில் படிப்பு மெதுவாக நகர்வது போலவும், தவறுகள் மிகுவது போலவும் தோன்றும். நினைவுக்குக் கொண்டுவர எடுக்கும் அந்த முயற்சியே நினைவை வலுப்படுத்துகிறது என்பதால், மாணவர்களும் பெற்றோரும் அதைத் தோல்வியாகக் கொள்ள வேண்டியதில்லை.

செல்லுலார் சிறையின் ஏழு சிறகுகளில் இன்று மூன்று மட்டுமே எஞ்சியுள்ளன. 1979 பிப்ரவரி 11 அன்று தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அதன் அறைகளைத் தீவுப் பள்ளி மாணவர்களும் சுற்றுலாப் பயணிகளும் பார்வையிட்டு வருகின்றனர்.