தீவு மறைக்கும் என்று நம்பலாமா?

நவம்பர் 5 உலக சுனாமி விழிப்புணர்வு நாள். அதையொட்டி ஒத்திகைப் பேச்சு எழுந்ததும் மன்னார் வளைகுடாக் கரையின் கீழக்கரை, ஏர்வாடிப் பக்கமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. எல்லாவற்றுக்கும் சாரம் ஒன்றே: “எங்களுக்கு முன்னால் தீவுகள், அதற்கப்பால் இலங்கை. எங்களுக்கு எதற்கு ஒத்திகை?” சுனாமி என்றால் என்னவென்று 2004-க்குப் பிறகு இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தீவு விஷயத்தை மட்டும் பார்ப்போம்.

மேடைப் பேச்சில் வரும் ‘இயற்கை அரண்’ என்பதற்கு, இதுவரை பெரிதாக அடிபடாத இடம் என்பதற்கு மேல் பொருள் கொள்ள வேண்டாம்.

இந்தோனேசியாவின் பாபி, ஃபுளோரஸுக்கு வடக்கே உள்ள குட்டித் தீவு. ஏறக்குறைய வட்டம், குறுக்களவு இரண்டு கி.மீ. சொச்சம். 1992 டிசம்பர் 12 நிலநடுக்கத்தில் சுனாமி வடக்கிலிருந்து வந்தது. ஊர்கள் இருந்ததோ தெற்கே, தீவின் முதுகுப்புறம். அந்த இரண்டு ஊர்களும்தான் துடைத்தெறியப்பட்டன. 200-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

எப்படி? சுனாமியின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கி.மீ.; 50 மீட்டரில் 80; பத்து மீட்டரில் 36தான். தீவைச் சுற்றிலும் கடலடி சரிந்து கிடக்கிறது. அலையின் தீவோர முனை ஆழமில்லாமல் தயங்க, வெளிமுனை தன் வேகத்தில் ஓடும். ஒரு மாடு பின்தங்கினால் வண்டி அந்தப் பக்கமே திரும்புமல்லவா, அதே கதை. அலை தீவைப் பார்த்து வளைந்து, கரையை ஒட்டியே சுற்றிவரும்; இடப்பக்கம் ஒரு கை, வலப்பக்கம் ஒரு கை. வட்டத் தீவென்றால் இரண்டுக்கும் தூரம் சமம். ஆகவே முதுகுப்புறத்தில் ஒரே நேரத்தில் வந்து முட்டுகின்றன. உயரத்தோடு உயரம் கூடிவிடுகிறது.

நம்பாதவர்களுக்குச் சோதனையும் உண்டு. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை, விக்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்துத் தொட்டியில் அடிவிட்டம் 7.2 மீட்டர் உள்ள கூம்புத் தீவைக் கட்டி, முழங்காலளவுத் தண்ணீரில் அலையை ஏவிப் பார்த்தது. முன்புறம் ஏறிய தண்ணீர் பக்கவாட்டில் போகப்போகக் குறைந்தது. நேர் பின்னால் மறுபடி எகிறியது. சுனாமிக்குப் புதிதாகக் கணினி நிரல் எழுதுகிறவர்கள் இன்றும் இந்தத் தொட்டிக் கணக்கில் தேறிக் காட்டுகிறார்கள்.

தீவு சரி, அதன் பின்னால் உள்ள பெருநிலக் கரை? 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, சுமார் 200 கணினிச் சோதனைகளில் கூம்புத் தீவின் அளவையும் சரிவையும் தூரத்தையும் மாற்றிமாற்றிப் பார்த்தது. ஒன்றில்கூடத் தீவு கரையைக் காக்கவில்லை. சிலவற்றில் அலையேற்றம் 70 சதவீதம் வரை கூடியது. நிஜத் தீவுகள் கூம்பல்ல என்பதால் இதை அப்படியே மன்னார் வளைகுடாவுக்குப் பொருத்த முடியாது. ‘தீவு இருக்கிறது, கவலையில்லை’ என்ற பேச்சுக்கு மட்டும் இனி இடமில்லை.

இலங்கை அளவுக்குப் பெரிய நிலம் வேறு வகை. 2004-இல் பாக் நீரிணையை அது பெருமளவு மறைத்தது உண்மை. அதே அலை தென்முனையைச் சுற்றி வளைந்து காலியை அடித்தது. கொல்லம் வரை போனது.

முன்கணிப்பை நம்பலாமா? ஹைதராபாத் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது. நடுக்கடலில் அலை எப்போது எங்கே வரும் என்பதில் கணக்கு நன்றாகவே நிற்கிறது. கரையோரத்தில்தான் சிக்கல். கடலை நான்கு கி.மீ. கட்டங்களாகப் பிரித்தால் இரண்டு கி.மீ. தீவு கணக்கில் விழாமலே போகலாம். தீவைச் சுற்றிய ஆழத்தை எவ்வளவு நுணுக்கமாக அளந்து ஊட்டியிருக்கிறார்கள் என்பதை ‘துல்லிய எச்சரிக்கை’ என்று சொல்பவர்களிடம் கேளுங்கள்.

முதல் அலைதான் பெரியதா? பல சமயம் இல்லை.

கடல் உள்வாங்கினால்தான் சுனாமியா? உள்வாங்காமலும் வரும்.

சாதாரணக் காற்றலையைத் தீவு தடுக்காதா? நீளம் குறைந்த அலை என்பதால் ஓரளவு தடுக்கும். அந்த மறைவையும் வளைவையும் படித்துத்தான் மார்ஷல் தீவு மாலுமிகள் ஈர்க்கும் சோழியும் கட்டிய வரைபடம் செய்தார்கள்.

படகில் இருக்கும்போது எச்சரிக்கை வந்தால்? கரைக்குத் திரும்பாமல் ஆழத்துக்குப் போங்கள்; தீவு மறைவில் நங்கூரம் போடாதீர்கள்.